பன்சன் சொல்லாதது

உடம்புக்கு ஒன்றுமில்லை அம்மா. தண்ணீரும் வேண்டாம், பையில் இருக்கிறது. நீங்கள் கேட்டதே பெரிது. பொறையாற்றில் பஸ் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருக்கிறேனே, மயக்கமோ என்று பயந்துவிட்டீர்கள். மயக்கம் இல்லை. ஒருத்தி எனக்குத் துரோகம் செய்துவிட்டாள். முப்பத்தொரு வருஷம் என் கூட இருந்தவள். அவள் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வருகிறேன்.

நீங்கள் கும்பகோணம் வரைக்குமா? நல்லது. அப்படியானால் சொல்லலாம். பாதியில் இறங்குகிறவர்களிடம் இதைத் தொடங்கக் கூடாது. பாதியில் நிறுத்தினால் தப்பு யார் பக்கம் என்று தெரியாமல் போய்விடும்.

பன்சன் பர்னர் பார்த்திருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்து லாபில், ரப்பர் குழாய் மாட்டி, நீலமாக எரியுமே, அதுதான். அதன் முன்னால் முப்பத்து நாலு வருஷம் நின்றவள் நான். மாயவரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் துறைத்தலைவியாக இருந்து ஓய்வு பெற்றேன். முனைவர் கோமளவல்லி என்றால் அந்தப் பக்கத்தில் தெரியும். நல்லவிதமாகத் தெரியும். போன மாதம் வரைக்கும்.

பன்சன் என்றால் அடுப்பின் பெயர் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு மனிதர். ராபர்ட் பன்சன், ஜெர்மனிக்காரர். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆள். ஆர்சனிக் கலந்த ஒரு பொருளை ஆராயும்போது குடுவை வெடித்து ஒரு கண் போய்விட்டது. அந்த விஷத்தில் சாகக் கிடந்தார். எழுந்ததும் மறுபடி லாபுக்குத்தான் போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கண்டுபிடித்த எதற்கும் காப்புரிமை வாங்கவில்லை. ஊற்றுநீரை நாற்பது டன் கணக்கில் காய்ச்சிக் காய்ச்சி, கடைசியில் ஒரு கைப்பிடிகூடத் தேறாத உப்பை எடுத்தார். அதற்குள் ஒரு புதுத் தனிமம் இருந்தது. சுடரில் காட்டி முப்பட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டு நீலக் கோடு தெரியும். லத்தீனில் வானத்து நீலத்துக்கு என்ன சொல்லோ அதையே அதற்குப் பெயராக வைத்தார். சீசியம். பெயர் வைக்கத் தெரிந்த மனிதர். எனக்கு அவர்மேல் ஒரு பக்தி என்றே சொல்லலாம்.

அவருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுதினேன். அந்தப் புத்தகத்தில்தான் வந்தது வினை.

முதலில் சாராளைச் சொல்ல வேண்டும். சாராள் எங்கள் லாப் அட்டெண்டர். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் வந்தாள். பொறையாறு மிஷன் விடுதியில் வளர்ந்தவள். லுத்தரன் சபை. அங்கே ஒரு ஜெர்மன் சிஸ்டர் இருந்தாராம், வயதான காலத்தில் பார்வை போய்விட்டதாம். அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, ஊரிலிருந்து வரும் கடிதங்களையும் வேதத்தையும் ஜெர்மனிலேயே வாசித்துக் காட்டுவது சாராள் வேலை. பதினோரு வயதிலிருந்து இருபது வயதுவரை. அப்படி வந்தது அவளுக்கு அந்த பாஷை. பள்ளியில் படித்தது என்னவோ எட்டாவதுதான்.

நன்றாகத்தான் நடத்தினேன் அவளை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற துறைகளில் அட்டெண்டரை ‘ஏய்’ என்பார்கள். நான் ஒரு நாளும் பெயரைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை. லாபில் காப்பி போடும்போது அவளுக்கும் சேர்த்துத்தான் போடச் சொல்வேன். அவளுக்கென்று தனியாக ஒரு டம்ளரே வைத்திருந்தேன், யாரும் எடுக்கக் கூடாது என்று.

வேலையும் சுத்தம். கல்லூரிக்கு காஸ் சிலிண்டர் வந்தபோது, பழைய பர்னர் இருபத்து நாலும் புது வாயுவுக்கு ஒத்துவராமல் குப்புக்குப்பென்று மஞ்சளாக எரிந்தது. புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றார்கள். நான் விடவில்லை. அத்தனையையும் மாற்றியமைத்தேன். அதாவது, சாராள் உட்கார்ந்து ஒவ்வொன்றின் முனையையும் ஈயத்தால் அடைத்து, ஊசியும் அரமும் வைத்து, சின்னதாக வேறு துளை போட்டாள். பதினாறு நாள் ஆயிற்று. பொறுப்பு என்னுடையது. ஆண்டு மலரில் என் படத்தோடு ஒரு பக்கம் வந்தது.

சரி, புத்தகம். நூலகத்துப் பழைய அலமாரி ஒன்றை எங்கள் துறைக்குத் தள்ளிவிட்டார்கள். மிஷன்காரர்கள் எப்போதோ கொடுத்த புத்தகங்கள், அட்டை போனவை, கரையான் தொட்டவை. தூசி தட்டிக்கொண்டிருந்த சாராள் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“மேடம், இங்க பாருங்க, நம்ம பர்னர்காரரு.”

பன்சன் இறந்து சில வருஷத்தில் வந்த வாழ்க்கை வரலாறு. ஜெர்மன் மொழியில், பழைய அச்செழுத்தில், பார்த்தாலே முள்வேலி மாதிரி இருந்தது. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், இதைத் தமிழுக்குக் கொண்டுவருவது என் கடமை என்று.

ஜெர்மன் தெரியுமா என்று கேட்கிறீர்களா? எங்கள் காலத்தில் வேதியியல் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஜெர்மன் தேர்வு ஒன்று உண்டு. எழுதினேன். தேர்ச்சி. மூன்று மாதம் இரவும் பகலும் நெட்டுருப் போட்டது. பிறகு பழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். தெரியாது என்று சொல்ல முடியாது.

அதனால் ஒரு ஏற்பாடு. சனிக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நாலு வரை. பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். நான் மேசையில் தாளும் பேனாவுமாக உட்காருவேன். சாராள் தராசு அறை ஜன்னலோரம் நின்று, வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாக்கியத்தை ஜெர்மனில் வாசிப்பாள். பிறகு தமிழில் சொல்வாள். நான் எழுதுவேன். உட்காரச் சொல்லாமல் இல்லை. முதல் நாளே சொன்னேன். “பரவாயில்ல மேடம்” என்றாள். பிறகு அது அப்படியே பழகிவிட்டது. எட்டு வருஷம்.

அவள் சொல்வதை அப்படியே எழுத முடியுமா? பாருங்கள், ஒரு நாள் சொன்னாள்: “கை காச்சுப்போயி தோல் தடிச்சிருந்துச்சாம் மேடம். கொதிக்கிற மூடிய வெறுங்கையால தூக்கி வைப்பாராம், சுடாதாம்.” நான் எழுதினேன்: ‘அனல் அவர் விரல்களை அடையாளம் கண்டு விலகி நின்றது.’ வாசகர்கள் எத்தனை பேர் அந்த வரியைச் சொல்லிக் கடிதம் போட்டார்கள் தெரியுமா! மூலப்பொருள் அவள் சொன்னது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உப்பு கடலில் இருக்கிறது என்பதற்காக உப்பளத்துக்காரனை விட்டுவிட்டுக் கடலையா பாராட்டுகிறோம்?

சிரிக்கவும் சிரிப்போம். பன்சனைப் பார்த்து ஒரு வேதியியலாளரின் மனைவி, “இவருக்கு ஒரு முத்தம் கொடுக்க ஆசைதான், ஆனால் முதலில் பிடித்துக் குளிப்பாட்ட வேண்டும்” என்றாளாம். அதை வாசித்த அன்றைக்கு சாராள் புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டு சிரி சிரியென்று சிரித்தாள். “அந்தம்மா வாயில சர்க்கரைதான் போடணும் மேடம். நம்ம பிசிக்ஸ் சாருக்கு இத யாராச்சும் சொல்லணுமே.” எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்படியெல்லாம் இருந்தோம். அதனால்தான் வலிக்கிறது.

இப்போது ஏழாம் அத்தியாயம்.

ஏழாம் அத்தியாயம் பர்னர் பிறந்த கதை. ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் புது லாப் கட்டி காஸ் விளக்கு வருகிறது. புகையும் மினுக்கும் இல்லாத சுடர் ஒன்று வேண்டும் என்று பன்சன் நினைக்கிறார். காற்றையும் வாயுவையும் முன்கூட்டியே கலந்துவிடும் யோசனை. அதைப் பித்தளையில் செய்து கொடுத்தவர் அங்கே கருவி செய்கிற டெசாகா என்பவர். இது உலகத்துக்கே தெரிந்த செய்தி.

அந்த சனிக்கிழமை சாராள் மெதுவாக வாசித்தாள். நிறுத்தி நிறுத்தி. ஜெர்மனில் நீளமாக ஏதும் வாசித்ததாக இப்போது யோசித்தால் எனக்கு ஞாபகமில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னாள்:

“ஒரு நாளு கிளாஸ் நடக்குதாம் மேடம். பசங்க எல்லாம் உக்காந்திருக்காங்களாம். பன்சன் வெளிய போயி, அந்த டெசாகா கையப் புடிச்சு உள்ள அழைச்சிட்டு வராராம். வந்து சொல்றாராம், ‘இந்த வெளக்கு எம் பேருல எரியுது. தொளை போட்டது இவரு கை. எம் பேரச் சொல்ற வாய் இவரு பேரையும் சொல்லணும்’னு. டெசாகாவுக்கு என்ன பண்றதுன்னு தெரியலியாம். கையில எண்ணெய்ப் பிசுக்கு. கையப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னாராம். பசங்க எல்லாம் எந்திரிச்சு நின்னாங்களாம்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. பேனா தானாக ஓடியது. இப்போதும் மனப்பாடம், சொல்லட்டுமா? ‘இச்சுடர் என் பெயரால் எரிகிறது, ஆயினும் இதற்கு மூச்சுத் துளையிட்ட கை இது. வெளிச்சத்தை உண்டாக்கிய கையை இருட்டில் நிறுத்துவது அறிவியலுக்கு அறமன்று.’ எழுதி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“எழுதிட்டீங்களா மேடம்? படிங்க கேப்போம்” என்றாள்.

படித்தேன்.

“இன்னொரு தடவ.”

படித்தேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். வேறு எந்தப் பக்கத்துக்கும் அப்படிக் கேட்டவள் இல்லை. என் தமிழ் அவளைப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். படித்து முடித்த பிறகும் புத்தகத்தை மூடாமல் என் முகத்தையே பார்த்தபடி நின்றாள். மணி நாலாகிவிட்டது, ஜன்னலைச் சாத்திவிட்டு வா என்று சொல்லிக் கிளம்பினேன்.

பிறகு இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். அவள் பொறையாறு போய்விட்டாள். கையெழுத்துப் பிரதி என் வீட்டில் கிடந்தது. என் கணவர் காலமான பிறகு, இதையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று தஞ்சாவூரில் கலியமூர்த்தி என்று ஒரு பதிப்பாளரிடம் கொடுத்தேன். போன தை மாதம் வந்தது. அட்டையில் நீலச் சுடர். கீழே ‘ஜெர்மன் மூலத்திலிருந்து நேரடியாகத் தமிழில்: முனைவர் கோமளவல்லி’. நேரடியாக என்ற சொல் கலியமூர்த்தி போட்டது. நான் மறுக்கவில்லை. ஆங்கிலம் வழியாக வந்தது இல்லையே, நேரடிதானே?

வெளியீட்டு விழா எங்கள் கல்லூரி அரங்கிலேயே. சாராளுக்கும் சொல்லி அனுப்பினேன். வந்திருந்தாள். கத்தரிப்பூ நிறத்தில் புதுப் புடவை, கொசுவம் நிற்காமல் விறைத்துக்கொண்டு. கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஏற்புரையில் ஏழாம் அத்தியாயத்தைத்தான் படித்தேன். அரங்கம் அப்படியே அடங்கிவிட்டது. ‘வெளிச்சத்தை உண்டாக்கிய கையை’ என்று படிக்கும்போது, பார்க்கிறேன், சாராள் எழுந்து நிற்கிறாள். எல்லாரும் உட்கார்ந்திருக்க இவள் மட்டும். ஏன் என்று புரியவில்லை. வயதானால் கால் மரத்துப்போகும். நான் படித்து முடித்து, முதல்வருக்கும், பதிப்பாளருக்கும், அட்டை வரைந்தவருக்கும், மறைந்த என் கணவருக்கும் நன்றி சொல்லி முடிக்கிறவரை நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டுக்கு இல்லை. போய்விட்டிருந்தாள்.

முன்னுரையிலும் நன்றி இருக்கிறது. ‘ஆய்வகத்தில் துணைநின்ற அனைவருக்கும்’ என்று. அனைவரும் என்றால் அவளும்தானே.

புத்தகம் நன்றாகப் போயிற்று. எல்லாருக்கும் பிடித்தது ஏழாம் அத்தியாயம்தான். ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் அந்தக் காட்சியை நாடகமாகவே போட்டார்கள். ஆசிரியர் தினத்தன்று யாரோ அதைப் போனில் தட்டி எழுதி ஊரெல்லாம் அனுப்பினார்கள். அதுவே வினையாயிற்று. ஜெர்மனியில் வேலை செய்யும் நம் ஊர்ப் பெண் ஒருத்தி, நல்ல பெண்தான், புகழ்ந்துதான் எழுதியிருந்தாள். அந்தப் பகுதியை அங்குள்ள நண்பர்களுக்கு மூலத்திலேயே காட்ட ஆசைப்பட்டு, அந்தப் பழைய புத்தகத்தைத் தேடிப்பிடித்து வாசித்திருக்கிறாள். முழுக்க வாசித்தும் அந்தக் காட்சி கிடைக்கவில்லை. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியுமா என்று பதிப்பாளருக்குக் கடிதம்.

கலியமூர்த்தி போன் செய்தார். “மேடம், ரெண்டு நிமிஷ வேல. மூலத்துல அந்தப் பக்கத்தப் பாத்து போட்டோ எடுத்து அனுப்பிடுங்க.”

புத்தகம் என்னிடம்தான் இருந்தது. திறந்தேன். முள்வேலி. டெசாகா என்ற பெயரை மட்டும் எழுத்து எழுத்தாகப் பழகிக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினேன். நாலு நாள். கண் எரிந்தது. ஒரே ஓர் இடத்தில் கிடைத்தது. ஒரு வரி. முன்னாலும் பின்னாலும் எண்களும் அளவுகளும்தான். வகுப்பும் இல்லை, மாணவர்களும் இல்லை, எழுந்து நின்றவர்களும் இல்லை.

அன்றைக்கே பொறையாறு பஸ் ஏறினேன். போன மாதம்.

சாராள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தாள். “மேடம், வாங்க, சொல்லியிருந்தா சைவமா எதாச்சும்...” நான் நின்றபடியே புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன்.

“இதில் என்ன இருக்கிறது, வாசி.”

வாசித்தாள். கண்ணாடி இல்லாமல், நான்கு வருஷமாகத் தொடாத பாஷையை, தண்ணீர் மாதிரி. பிறகு சொன்னாள்: “‘விளக்கை மெக்கானிக் டெசாகா செய்து கொடுத்தார்.’ அவ்ளோதான் மேடம்.”

“மிச்சம்?”

“மிச்சம் நான் சொன்னது.”

கூசாமல் சொன்னாள் அம்மா. நான் சொன்னது என்று. 

“ஏன்?”

 மீன் செதில் ஒன்று அவள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “சொல்லியிருக்கணுமில்ல மேடம்?” என்றாள்.

“யார்?”

“அவருதான். பன்சன். அத்தினி நல்ல மனுஷன், கண்ணு போயும் கலங்காதவரு. அவரு சொல்லியிருக்க மாட்டாரா? எழுதினவங்க விட்டிருப்பாங்க. ஒரு வரியோட போறதுக்கு எனக்கு மனசு ஆறல.”

“உனக்கு ஏன் ஆற வேண்டும்? டெசாகா உனக்கு மாமனா மச்சானா?”

சிரித்தாள். நான் கொதித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் சிரிக்கிறாள். “மாமன் மச்சான் இல்ல மேடம். தூரத்து சொந்தம்னு வச்சுக்குங்களேன்.”

சொந்தமாம். ஜெர்மனிக்காரன் இவளுக்கு. பேச்சை எப்படி மாற்றுகிறாள் பாருங்கள்.

“வேறு எங்கெல்லாம் இப்படிச் செய்திருக்கிறாய்?”

“வேற எங்கயும் இல்ல. கர்த்தர் சாட்சி. மத்ததெல்லாம் இருந்தது இருந்தபடி. அந்த ஒண்ணுதான். அதையும் நீங்க...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

“நான் என்ன?”

“ஒண்ணுமில்ல. காப்பி குடிக்கிறீங்களா?”

குடிக்கவில்லை. வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் சிக்கலே. கலியமூர்த்தியிடம் என்ன சொல்வது? இல்லாததை எழுதினேன் என்றால் நான் பொய்க்காரி. இன்னொருத்தி சொன்னதை நம்பினேன் என்றால், அப்படியானால் உங்களுக்கு ஜெர்மன்? அந்தக் கேள்வி வரும். வந்தது. “அப்ப மேடம், நேரடியாகன்னு அட்டையில...” என்று இழுத்தார். “ஜெர்மன் தெரியும், நேரமில்லை” என்றேன்.   புத்தகத்தை மொத்தமாகத் திரும்பப் பெற வேண்டும், இல்லாவிட்டால் மீதியுள்ள எல்லாப் பிரதிகளிலும் விளக்கச் சீட்டு ஒட்ட வேண்டும் என்றார். திரும்பப் பெறுவதா? எட்டு வருஷம். என் பெயர் போட்ட ஒரே புத்தகம். நான் செத்தால் எனக்கென்று மிஞ்சுவது அதுதான் அம்மா, பிள்ளையா குட்டியா.

சீட்டு எழுதினேன். பன்னிரண்டு தடவை எழுதினேன். கவிதைக்குக்கூட அவ்வளவு அடித்துத் திருத்தியதில்லை. நான் தப்ப வேண்டும், ஆனால் அதில் பொய் இருக்கக் கூடாது. சாராளின் முழுப்பெயர் வேண்டியிருந்தது. முதலெழுத்து என்ன என்று கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். தே. அப்பா பெயர் தேவசகாயமாம். பணிப்பதிவேட்டைப் பார்த்துச் சொன்ன பெண், பிறந்த வருஷத்தையும் சேர்த்துச் சொன்னாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எனக்குத் தெரியவே தெரியாது.

அச்சாகி வந்தது. அவளுக்குத் தெரியாமல் ஒட்டினேன் என்று இருக்கக் கூடாது. நான் அப்படிப்பட்டவள் இல்லை. ஊர் முழுக்கப் படிக்கும் முன்னால் அவள் படிக்கட்டும், படித்துத் தலை குனியட்டும் என்று இன்று காலை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு மன்னிப்பு. அதுதான் எதிர்பார்த்தேன். நீங்களாக இருந்தால் எதிர்பார்க்க மாட்டீர்களா?

கூடத்தில் உட்கார வைத்தாள். மருமகள் வந்து நின்றாள், மேரி புஷ்பம் என்று பெயர், ரேஷன் கடையில் வேலையாம். நான் சீட்டை எடுத்து சாராள் கையில் கொடுத்தேன். அவள் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

“நீ சத்தமாப் படி. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.”

முள் முள்ளாக இருந்த ஜெர்மனை அன்றைக்குக் கண்ணாடி இல்லாமல் வாசித்தவள்!

அந்தப் பெண் படித்தாள். “பிழை விளக்கம். இந்நூலின் ஏழாம் அத்தியாயத்தில் இடம்பெற்றுள்ள வகுப்பறை நிகழ்ச்சி மூலநூலில் இல்லை. நேரமின்மை காரணமாக, மூலநூலை வாசித்துச் சொல்லும் பணி கல்லூரியின் ஆய்வக உதவியாளர் திருமதி தே. சாராள் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. இந்நூல் முழுவதும் அவர் ஜெர்மன் மொழியிலிருந்து வாசித்துச் சொன்னதன் அடிப்படையிலேயே எழுதப்பட்டது. எனவே இப்பிழைக்கான பொறுப்பு அவரையே சாரும்.”

படித்து முடித்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன அத்தை இது? உங்க மேல பழி போட்டுருக்காங்க. வயசான காலத்துல...”

“சும்மா இருடி.” சாராள் என்னைப் பார்த்தாள். “நேரமின்மையா மேடம்?” அவள் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும். “எட்டு வருஷ சனிக்கிழமை. சரி, இருக்கட்டும். உங்களுக்கு ஜெர்மன் வராதுன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல மேடம். இனிமேயும் சொல்ல மாட்டேன்.”

வராதாம். தேர்ச்சி பெற்றவளைப் பார்த்து. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

“அப்பா எழுத்தும் போட்டிருக்கு பாரு மேரி. தே. சாராள். திருமதின்னு போட்டு, அவர்கள்னும் போட்டிருக்கு.” விரலை வரிக்கு வரி நகர்த்தினாள். “இது என்ன சொல்லு? முழுவதும். ‘இந்நூல் முழுவதும்.’ பாத்தியா?”

“அத்தை, அதுக்குக் கீழ பாருங்க, பொறுப்பு...”

“அது கெடக்கு. இது எல்லாப் புஸ்தகத்துலயும் ஒட்டுவாங்களா மேடம்?”

“மீதியிருக்கிற ஐநூறிலும்” என்றேன். குரலைக் கடுமையாக வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

“வித்துப்போனதுல?”

“விற்றுப்போனதில் எப்படி ஒட்ட முடியும்?”

“அடடா” என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள் அம்மா. ஐநூறு பேர் தன்னைக் குற்றவாளி என்று படிக்கப்போகிறார்கள், மற்ற ஐநூறு பேர் படிக்காமல் போகிறார்களே என்று வருத்தம். இப்படி ஒரு பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மனசாட்சி என்று ஒன்று இருந்தால் முகம் இப்படி மலருமா?

“இதை நான் வச்சுக்கலாமா?” என்றாள்.

“வைத்துக்கொள். உன் புத்தகத்தில் ஒட்டிக்கொள்.”

“புஸ்தகம் என்கிட்ட இல்லியே மேடம்.”

சொல்லிக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. அரிசி இல்லை, பருப்பு இல்லை என்பது போலச் சொன்னாள். விழாவில் எல்லாருக்கும் கொடுத்தோமே, இவள் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போய்விட்டாள், அதனால் விட்டுப்போயிருக்கும். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? கேட்கவே இல்லையே அவள். எதையுமே ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அதுதான் அவளுடைய குறை.

பிறகு என்ன செய்தாள் தெரியுமா? சமையலறைக்குப் போய் இரண்டு சோற்றுப் பருக்கையை எடுத்துவந்தாள். அலமாரியிலிருந்து வேதப்புத்தகத்தை இறக்கினாள். முதல் பக்கத்தில் அவர்கள் வீட்டுப் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் மை மையாக எழுதியிருக்கிறது. அதில் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பருக்கையை விரலால் மசித்து, சீட்டின் பின்னால் தடவி, அந்த இடத்தில் வைத்தாள். குற்றப்பத்திரிகையை அம்மா! வேதப்புத்தகத்தில்! இவளிடம் நான் எந்த மன்னிப்பைக் கேட்டு வாங்குவது?

கை நடுங்குகிறது அவளுக்கு இப்போதெல்லாம். சீட்டு கோணலாக உட்கார்ந்தது. ஒரு மூலை ஒட்டாமல் தூக்கிக்கொண்டே இருந்தது. நான்தான் எழுந்து போய் அதைக் கட்டைவிரலால் அழுத்தி, காய்கிறவரை பிடித்துக்கொண்டு நின்றேன்.